மணலில் நின்ற அணை: ஆர்தர் காட்டனுக்குப் பாடம் எடுத்தது யார்?

பாகான் டத்தோவில் இருப்பவர்களுக்குத் தண்ணீரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் பேராக் ஆறு, இன்னொரு பக்கம் பெர்ணம் ஆறு, எதிரே மலாக்கா நீரிணை. ஆயேர் பாசாங் நேரத்தில் கடல்நீர் தென்னந்தோட்டத்துக்குள் ஏறாமல் காப்பது மண்கரையும் நீர்க்கதவும்தான். இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. அவர்களின் முன்னோர் வந்தது கடலோர ஆந்திராவிலிருந்து. அங்கே கோதாவரிக் கரை ஊர்களில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1821-ல் சென்னைக்கு வந்தபோது வயது 18. தென்மாவட்டங்களில் ஏரி, குளம் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கினார்.

அப்போது தஞ்சாவூருக்கு ஒரு பெரிய சிக்கல். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம்னு இரண்டாகப் பிரியும். கொள்ளிடம் தாழ்வானது. காவிரி வாயில் மணல் மேடு தட்டிப்போக, தண்ணீர் கொள்ளிடம் வழியே நேராகக் கடலுக்குப் போனது. வயல் காய்ந்தது, அரசாங்கத்துக்கு வரியும் குறைந்தது. (கம்பெனிக்கு அக்கறை வந்ததற்கு இரண்டாவது காரணமே போதும்!)

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டணும். ஆனா அடியில் வெறும் மணல். அஸ்திவாரத்தை எதன்மேல் போடுவது?

பதில் கொஞ்சம் கிழக்கேயே இருந்தது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணையும் மணல்மேல்தான் நிற்கிறது. பெரிய கற்களை ஆற்றில் போட்டால் நீரோட்டம் அடிமணலை அரிக்க, கல் இறங்கும். அதன்மேல் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வழியை இந்தப் பழைய கட்டுமானத்திலிருந்தே படித்ததாகக் காட்டன் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். 1830-களில் முக்கொம்பு மேலணை எழுந்தது. அடுத்து, பஞ்சமும் புயலும் சிதைத்திருந்த கோதாவரி டெல்டாவுக்காக 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணை. வறண்ட டெல்டா நெல் விளையும் பூமியானது.

கவனிச்சீங்களா? அணைக்கட்டு என்ற தமிழ்ச் சொல்லும் கூடவே போனது. ஆங்கில அகராதியில் அது 'அனிகட்'. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமான்னு, 2016-ல் இருமொழிப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து நம் தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி வாக்குவாதம் நடக்குது. இந்த விஷயத்தில் அறிவு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கு. சிலை மட்டும் காட்டனுக்கு. கல்லணையில் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

அவர் கணக்கு எப்போதும் பலித்ததாகவும் சொல்ல முடியாது. ரயிலைவிடக் கால்வாய்தான் மலிவு, பஞ்சத்தையும் அதுவே தடுக்கும்னு ஓயாமல் வாதாடினார். அந்த எண்ணத்தில் உருவான சென்னை நீர்ப்பாசனக் கம்பெனியின் கர்னூல் – கடப்பா கால்வாய் நஷ்டத்தில் முடிய, 1882-ல் அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த ஒரு வேலை பலருக்குத் தெரியாது. 1876-ல் அரபு மொழிக்குச் சின்னதாக ஒரு பாடநூல் போட்டார். அதில் அடிப்படைச் சொற்கள் 30, குறுவாக்கியங்கள் 180. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் காதும் நாக்கும் பழகணும், கொஞ்சம் சொற்களையே மாற்றி மாற்றிச் சேர்த்து, தடங்கலில்லாமல் பேச வந்த பிறகே அடுத்த சொல்லுக்குப் போகணும் என்பது அவர் முறை. ஆறு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்தும் கடையில் நாலு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர்களுக்கு, இது 150 வருஷப் பழைய யோசனையாகத் தோன்றாது.

காட்டன் 1899-ல், 96 வயதில் இறந்தார். முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கல்லணை இன்னும் நிற்கிறது.