வெயிலை வேலை வாங்கியவர்

திருப்பனந்தாள் வயலில் நிற்கும் நெற்பயிர் என்ன செய்கிறது, தெரியுமா? காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. வேரால் தண்ணீரை உறிஞ்சுகிறது. இலையில் உள்ள பச்சையம் வெயிலைப் பிடித்துக் கொடுக்கிறது. அந்தச் சக்தியால் மாவுப்பொருள் உண்டாகிறது. அடுப்பு இல்லை. புகையும் இல்லை!

மனிதனோ, மருந்துக்கும் சாயத்துக்கும் நிலக்கரியை எரித்தான். பயிரைப் போல அவனும் வெயிலைக் கொண்டே செய்தால் என்ன?

இப்படிக் கேட்டவர் ஜாக்கொமோ சமிச்சான் என்ற ரசாயன விஞ்ஞானி.

மாடியில் குப்பிகள்

இவர் 1857-ல் திரியெஸ்தே நகரில் பிறந்தார். முன்னோர் ஆர்மீனியர். 1889-ல் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அங்கே கட்டடத்தின் மாடியில் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தார். அவற்றில் பலவிதத் திரவங்கள். நண்பர் பால் சில்பரும் அவரும் வெயிலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். நாள்கள் அல்ல, மாதங்கள்!

சதகுப்பை எண்ணெயில் கார்வோன் என்ற மணப்பொருள் உண்டு. அதை ஓர் ஆண்டு வெயிலில் வைத்தார்கள். அது வேறு ஒரு புதுப் பொருளாக மாறியது! 1908-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

நியூயார்க் பேச்சு

1912-ல் நியூயார்க்கில் ரசாயன மாநாடு கூடியது. நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், வெயில் தீராது என்று சமிச்சான் அங்கே பேசினார். வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்கள் நிறைந்த, புகையில்லாத தொழில்கள் எழும் என்றார்.

1914-ல் உலக யுத்தம் மூண்டது. சில்பர் ஜெர்மானியர். யுத்தம் நண்பர்களைப் பிரித்தது. நோபல் பரிசுக்குச் சமிச்சானின் பெயர் ஒன்பது முறை சொல்லப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1922 ஜனவரி 2-ந் தேதி அவர் காலமானார்.

குப்பிக்கும் ஒரு பச்சையம்

அவருடைய குப்பிகளில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பல பொருள்கள் தாமாகப் பிடிப்பதில்லை. பயிருக்குப் பச்சையம் உண்டு. குப்பிக்கு அது இல்லை!

2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வழி காட்டினார்கள். ருத்தேனியம் என்ற உலோகம் சேர்ந்த செம்மஞ்சள் பொருளில் சிறிதளவு கலந்தார்கள். அது வெளிச்சத்தைப் பிடித்தது. கல்யாணத் தரகர் போல மற்றப் பொருள்களைச் சேர்த்துவைத்தது. தான் மாறாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நின்றது! சாதாரண விளக்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

இன்று மருந்துக் கம்பெனிகளும் இந்த முறையைக் கையாளுகின்றன. பெரும்பாலும் மின்விளக்கு வெளிச்சத்தில்தான். வெயிலையே நேராக வேலை வாங்கும் பெரிய தொழிற்சாலை இனிமேல்தான் வரவேண்டும்.

அதுவரை அந்த வேலையில் நெற்பயிர்தான் நமக்கு வாத்தியார்!