மேட்ச் ஜெயிச்சாலும் பந்தயம் தோற்கும்! கூடைப்பந்து பெட்டிங்கில் பணம் எப்படி கைமாறுது? யார் இந்த ஜாக் மொலினாஸ்?

1954 ஜனவரி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்பிஏ ஆல் ஸ்டார் மேட்ச் நடக்க இன்னும் சில நாட்கள்தான் பாக்கி. அந்த ஊரிலேயே வளர்ந்த 22 வயது இளைஞர் ஒருவருக்கு, லீக்கில் காலடி வைத்த முதல் சீசனிலேயே அந்த அணியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவர் ஆடவில்லை. அந்த மேட்ச்சில் மட்டுமல்ல, அதன் பிறகு என்பிஏவில் எந்த மேட்ச்சிலும் ஆடவில்லை.

அவர்தான் ஜாக் மொலினாஸ். 6 அடி 6 அங்குல உயரம். நியூயார்க்கில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் கிடைக்கும் ஸ்டைவசன்ட் பள்ளி, அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகம். படிப்பு, ஆட்டம் இரண்டிலும் கெட்டிக்காரர். 1953-ல் நடந்த வீரர்கள் தேர்வில் மூன்றாவது ஆளாக அவரை எடுத்தது, இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி. இன்றைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்தான் அது.

அப்புறம் எங்கே சறுக்கினார்? அது புரிய வேண்டுமென்றால், கூடைப்பந்து பந்தயத்தில் காசு எப்படிக் கைமாறுகிறது என்பது முதலில் புரிய வேண்டும்.

யார் ஜெயிப்பார் என்பது கேள்வியே இல்லை

பலமான அணியும் சுமாரான அணியும் மோதினால் எல்லோரும் பலமான அணி மேல்தான் காசு கட்டுவார்கள். புக்கி பாடு திண்டாட்டம். அதற்காக வந்ததுதான் பாயிண்ட் ஸ்பிரெட். 1940-களில் அமெரிக்காவில் இது பரவியது. பலமான அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று புக்கி ஒரு எண்ணைச் சொல்வார். உதாரணத்துக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். அந்த அணி 9 புள்ளியில் ஜெயித்தால், அதன் மேல் கட்டியவருக்குக் காசு. 5 புள்ளியில் ஜெயித்தால்? அணி ஜெயித்தது, ஆனால் கட்டியவர் தோற்றார். சரியாக 7 என்றால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும்.

சரி, ஜெயித்தால் எவ்வளவு வரும்? வழக்கமான கணக்கு 11-க்கு 10. அதாவது 110 டாலர் கட்டினால் லாபம் 100 டாலர். கட்டிய பணத்தையும் சேர்த்து கையில் வருவது 210. இரண்டு பக்கமும் ஆளுக்கு 110 கட்டியிருந்தால் புக்கியிடம் 220 இருக்கும். ஜெயித்தவருக்கு 210 போக, மீதி 10 டாலர் புக்கிக்கு. எந்த அணி ஜெயித்தாலும் அவருக்குக் கவலையில்லை. அதனால்தான் ஒரு பக்கம் காசு குவிந்தால் உடனே எண்ணை மாற்றி, மறுபக்கமும் ஆள் வரவைப்பார்.

கட்டுபவர் நிலைமை வேறு. 100 பந்தயத்தில் 50 ஜெயித்தாலும் 500 டாலர் நஷ்டம். 53 ஜெயித்தால்தான் தலைக்கு மேல் தண்ணீர் போகாது. 53 தானே என்று லேசாகத் தோன்றும். ஆனால் உள்தகவல் இல்லாமல் வருஷக்கணக்கில் அந்த எண்ணைத் தொடுவது ரொம்பக் கஷ்டம்.

மொலினாஸிடம் அந்த உள்தகவல் இருந்தது. சொல்லப்போனால், உள்தகவலே அவர்தான்.

400 டாலரில் போன வாழ்க்கை

பிஸ்டன்ஸ் வீரராக இருக்கும்போதே நியூயார்க்கில் இருந்த ஒருவருக்கு போன் போடுவார். ஸ்பிரெட் எவ்வளவு என்று கேட்பார். பிடித்திருந்தால் தன் அணி மேலேயே காசு கட்டுவார். இப்படி சுமார் 10 தடவை. மொத்தமாகக் கிடைத்தது, போன் செலவையும் சேர்த்து, ஏறத்தாழ 400 டாலர். விசாரணையில் ஒப்புக்கொண்டதும், என்பிஏ தலைவர் மாரிஸ் பொடோலாஃப் காலவரையின்றி தடை விதித்தார்.

மொலினாஸின் வாதம் இதுதான்: நான் என் அணி ஜெயிக்கும் என்றுதான் கட்டினேன், தோற்க வேண்டும் என்று ஒருநாளும் கட்டவில்லை. இதில் என்ன தப்பு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் படித்து வக்கீலான பிறகு அவர் என்பிஏ மேலேயே வழக்குப் போட்டார். 1961-ல் நீதிபதி இர்விங் காஃப்மன் அதைத் தள்ளுபடி செய்தார். அவர் சுட்டிக்காட்டியது கூர்மையான விஷயம். மொலினாஸ் பந்தயம் கட்டினால், எதிர்பார்ப்பை விட அணி நன்றாக ஆடும் என்று புக்கிக்குத் தெரிந்துவிடும். கட்டாத நாளில்? இன்றைக்கு அணி சொதப்பும் என்பதும் தெரிந்துவிடும். வாயே திறக்காமல் இரண்டு பக்கமும் தகவல் போகிறது.

தோற்க வேண்டாம், கொஞ்சம் குறைத்தால் போதும்

அந்தத் தீர்ப்பு வந்த அதே 1961-ல்தான் பெரிய குண்டு வெடித்தது. என்பிஏ வாசல் மூடிய பிறகு மொலினாஸ் கல்லூரி வீரர்கள் பக்கம் திரும்பியிருந்தார். 20-க்கும் மேற்பட்ட கல்லூரிகளைத் தொட்ட ஃபிக்ஸிங் ஊழலில் மூளையாக இருந்தவர் அவர்தான் என்றது அரசுத் தரப்பு.

இங்கேதான் ஸ்பிரெட்டின் ஓட்டை தெரிகிறது. ஒரு வீரரைப் பார்த்து மேட்ச்சைத் தோற்றுக்கொடு என்றால் மனசு ஒப்பாது. ஜெயி, ஆனால் 7-க்குப் பதில் 4 புள்ளியில் ஜெயி என்றால்? ஒரு பாஸைத் தவறவிட்டால் போதும். ரசிகர்கள் கைதட்டுவார்கள், கோச் தட்டிக்கொடுப்பார், வீட்டுக்குப் பணமும் வரும். நம்ம ஊர் ஆட்களுக்கு கிரிக்கெட் ஸ்பாட் ஃபிக்ஸிங் ஞாபகம் வந்தால் தப்பில்லை, அதே தூண்டில்தான். முன்பே முடிவு தெரிந்தவருக்கு 53 எல்லாம் ஒரு கணக்கே இல்லை.

இதில் அதிகம் அடிபட்டவர் மொலினாஸ் அல்ல. கோனி ஹாக்கின்ஸ் என்ற 18 வயது பையன். புரூக்ளினின் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். செலவுக்காக மொலினாஸிடம் 200 டாலர் வாங்கியிருந்தார். அதை அவர் அண்ணன் திருப்பிக் கொடுத்தும்விட்டார். எந்த மேட்ச்சையும் அவர் ஃபிக்ஸ் செய்ததாக நிரூபணமே ஆகவில்லை, வழக்கும் இல்லை. ஆனாலும் கல்லூரி போனது, என்பிஏ கதவு அடைபட்டது. கோர்ட்டுக்குப் போய் 1969-ல் சமரசம் ஆன பிறகே உள்ளே வர முடிந்தது. அதற்குள் வயது 27. பறக்க வேண்டிய வருஷங்கள் எல்லாம் போய்விட்டன. 1992-ல் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள்.

மொலினாஸுக்கு 1963-ல் 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை. சுமார் ஐந்து ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு 1968-ல் பரோலில் வந்தார். வக்கீல் தொழிலும் கைவிட்டுப் போனது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து ஆபாசப் படத் தொழிலில் இறங்கினார். 1975-ல் அது தொடர்பாகவும் ஒரு வழக்கு.

அந்த வழக்கு முடிவதற்குள், அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அதிகாலையில், ஹாலிவுட் மலைப்பகுதியில் இருந்த தன் வீட்டின் பின்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 43. 1954-ல் விழுந்த என்பிஏ தடை கடைசி வரை நீங்கவே இல்லை.