நாட்டியப் பேராசான் வடிவேலு

ஐரோப்பிய அரசவைகளில் நாட்டிய ஆசான் என்பது பெரும் பதவி. பிரெஞ்சுக்காரரான நொவேர் என்பார் ஷ்டுட்கார்ட்டிலும் வியன்னாவிலும் பாரிசிலும் அப்பதவியை வகித்தார். பாலே நடனத்தைப் பற்றிக் கடித வடிவில் 1760இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் 1810இல் மறைந்தார். அதே ஆண்டில் தஞ்சை நட்டுவனார் குடும்பமொன்றில் வடிவேலு பிறந்தார். தற்செயலே எனினும், இவ்விருவரையும் அருகருகே வைத்து எண்ணுவதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. நொவேரின் கொள்கையை அறிய அவர் நூலைப் புரட்டலாம். வடிவேலுவின் கொள்கையை அறிய ஒரு நடன மாணவியின் கால்களை நோக்க வேண்டும்.

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர் நால்வரில் இவரே இளையவர். நால்வரும் முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்று, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையில் விளங்கினர். சதிர் என வழங்கிய ஆட்டத்துக்கு அவர்கள் ஓர் ஒழுங்கை அமைத்தனர். கண், கழுத்து, தோள், கை, கால் எனக் கட்டுண்ட உடலை மெல்ல மலர்த்துவது அலாரிப்பு. அடுத்து ஜதிஸ்வரம், சப்தம். பின்னர் ஆடுபவளின் வலிமை முழுவதையும் சோதிக்கும் வர்ணம். அதன் களைப்பு ஆறி உள்ளம் பேசுவதற்குப் பதம். மீண்டும் துள்ளி எழுந்து முடிப்பதற்குத் தில்லானா. உடலின் மூச்சை நன்கறிந்தவர்களே இத்தகைய வரிசையை வகுத்திருக்க முடியும் என்பது என் துணிபு.

1829இல் திருவிதாங்கூர் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற சுவாதித் திருநாள் மகாராஜா, வடிவேலுவைவிட மூன்று ஆண்டு இளையவர். தாமே சாகித்திய கர்த்தா. மன்னர் பதமும் வர்ணமும் இயற்ற, அவையில் ஆட்டத்தை அமைக்கும் பணி வடிவேலுவின் கையில் இருந்தது. மோகினியாட்டம் செம்மையுற்றதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மேலைநாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். சின்னையா மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்றார். நாற்பது வயதைக் காணாமலே வடிவேலு மறைந்தார்.

சதிர்க் கச்சேரியில் நட்டுவனார் தாளத்தைக் கையிலேந்தி, ஆடுபவளின் பின்னே நின்று, அவளோடு முன்னும் பின்னும் நகர்வார். சபையின் கண்கள் அவரைத் தாண்டியே செல்லும். அவர் சொற்கட்டுக்கு உயிர் தந்த தேவதாசியரின் நிலையோ இன்னும் கொடிது. அவருடைய பெயராவது நின்றது. அப்பெண்களில் மிகப்பலருடைய பெயர் நமக்குக் கிட்டவில்லை.

திருவனந்தபுரத்தில் தந்த வயலின் ஒலித்த அதே ஆண்டுகளில்தான், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் ஏழை மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, இலங்கை மலைகளின் கோப்பித் தோட்டங்களை அடையத் தொடங்கினர். வழியில் மாண்டவர் பலர். பிழைத்தவர்களோடு தப்பும் காமன் கூத்தும் வந்தன. அரண்மனைச் சதிர் அவர்களோடு வரவில்லை. அவர்கள் அதைக் கண்டிருக்கவும் வழியில்லை. மாசி மாதத்தில் ரதிக்கும் மதனுக்கும் அடவு சொல்லித் தரும் தோட்டத்துக் கூத்து வாத்தியாரும் ஒரு நட்டுவனாரே என்பேன். அவருக்குத் தந்த வயலின் தர மன்னர் இல்லை.

சதிர் மலையேற நூறாண்டுக்கு மேலாயிற்று. நால்வரின் வழித்தோன்றலான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி பயின்று 1935இல் அரங்கேறினார். பரதநாட்டியம் என்ற பெயரோடு அக்கலை சபாக்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது, இலங்கையில் பாடமாயிற்று. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்து வீட்டுப் பிள்ளைகள் அலாரிப்பு ஆடுகின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்கு வடிவேலுவின் பெயர் தெரியும்? பரீட்சைக்காக நால்வர் பெயரையும் வரிசையாக மனனம் செய்திருப்பார்கள். மேடையிலோ நட்டுவனாருக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமையாயிருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியே சொற்கட்டைச் சொல்கிறது. சிறுமி காலம் தவறினால் அது காத்திருப்பதில்லை. அவளுடைய மூச்சை அளந்து வேகத்தைச் சற்றே தாழ்த்தும் வித்தையும் அதற்குத் தெரியாது. வடிவேலு ஊதியம் பெற்றது அந்த வித்தைக்காகத்தான்.