ராமானுஜனின் சிலேட்டும் நம்ம சி லேபும்

நம்ம நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வணங்கிய குடும்பத்தில், 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. கணக்கே கதி என்று கிடந்ததால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டார், எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை. அரியர் வைத்திருப்பவர்கள் மனசு விட வேண்டாம்!

காகிதம் வாங்கக் காசு கிடையாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914-ல் கப்பலேறினார்.

ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ? 3972999029388 விதம்! ஒவ்வொன்றாக எண்ணாமலே இது எவ்வளவு பெரிசாக வரும் என்று சொல்லும் சூத்திரத்தை இருவரும் 1918-ல் வெளியிட்டார்கள். மக்மஹோன் கையால் போட்ட விடையோடு அது ஒத்துப்போனது.

இந்த எண்ணை சி மொழியில் எழுத்தாக மாற்றிப் பார்த்தால்தான் அவர் அருமை புரியும். 32 பிட் 'இன்ட்'டில் 2147483647-க்கு மேல் கொள்ளாது; 'லாங் லாங்' வேண்டும். இலக்கம் 13, முடிவைக் காட்டும் பூஜ்ய எழுத்து 1. ஆக 14 இடம். 10 இடம் மட்டும் ஒதுக்கி 'ஸ்பிரிண்ட்எஃப்' போட்டால் அது தடுக்காது. வரப்பு உடைந்த தண்ணி பக்கத்துக் காட்டுக்குள்ளே பாய்கிற மாதிரி, அடுத்த மெமரியை அழித்துவிடும். நாளைக்கு நாம் எழுதப்போகும் முட்டைக் கணக்கோ லாரி வாடகை ரசீதோ தப்பானால் நஷ்டம் யாருக்கு?

சிலேட்டுக்கு மரச்சட்டம் உண்டு; சி மொழியின் அரேக்கு இல்லை. சட்டம் போடுவது நம்ம வேலை. 'எஸ்என்பிரிண்ட்எஃப்' என்று ஓர் 'என்' சேர்த்து, இருக்கிற இடத்தையும் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எழுதாது. பூஜ்ய எழுத்து நீங்கலாக எத்தனை எழுத்து தேவை என்பதையும் திருப்பித் தரும். அது நாம் கொடுத்த இடத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், எண் முழுசாக வரவில்லை என்று அர்த்தம்.

1918-லேயே ராயல் சொசைட்டி உறுப்பினரான ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயசில் மறைந்தார். எழுதும் முன் அளவைத் தெரிந்துகொள்: அவர் வாழ்க்கையில் நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான் தோழர்களே!