ஜேம்ஸ் வாட்: 2 கூட்டு முறிந்த பிறகு கைகொடுத்த 25 ஆண்டு ஒப்பந்தம்

கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று பள்ளியில் படித்திருப்போம். அது வெறும் கதை. அவர் பிறந்த 1736-க்கு முன்பே நியூகோமன் இயந்திரம் இங்கிலாந்துச் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அது விழுங்கிய நிலக்கரியைப் பெருமளவு குறைத்ததுதான் வாட்டின் சாதனை. அந்த யோசனை அவருக்கு உதித்தது 1765-ல். இயந்திரம் சுரங்கத்தில் ஓடியது 1776-ல். நடுவே 11 வருஷம் போச்சு. திறமை இருந்தது, சரியான பங்குதாரர்தான் அமையவில்லை.

கிளாஸ்கோவில் கருவிகள் செய்து விற்க 1759-ல் ஜான் கிரெய்க் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். கிரெய்க் 1765-ல் இறந்துபோக, அந்தக் கூட்டு முடிந்தது.

அடுத்து வந்தவர் கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ரோபக். வாட்டின் கடனை ஏற்றுக்கொண்டு, காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1769-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் ரோபக்கின் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து, போட்ட பணமெல்லாம் முங்கியது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் பங்கு வைத்திருந்தவருக்கே இந்தக் கதி! 1773-ல் அவர் திவால். அதே ஆண்டு வாட்டின் மனைவியும் இறந்தார். குடும்பத்தை ஓட்ட, கால்வாய்க்கு நில அளவை செய்துகொண்டிருந்தார் வாட்.

ரோபக் 1,200 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்த பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன், கடனுக்குப் பதிலாக அந்தக் காப்புரிமைப் பங்கைக் கேட்டு வாங்கினார். மற்ற கடன்காரர்கள் அதைச் சல்லிக்காசுக்குக்கூட மதிக்கவில்லை.

போல்டன் ஒரு கணக்குப் போட்டார். 14 ஆண்டுக் காப்புரிமை 1783-ல் முடிந்துவிடும். போட்ட முதல் திரும்பாது. ஆகவே நாடாளுமன்றத்தை அணுகி, 1775-ல் தனிச் சட்டம் மூலம் 1800 வரை நீட்டிப்பு வாங்கினார்கள். கூட்டுக்கும் அதே கெடு: 1775 ஜூன் 1 முதல் 25 ஆண்டு.

அன்று இங்கிலாந்தில் கூட்டு நிறுவனங்களைப் பதிவு செய்ய அலுவலகம் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள்தான் ஆதாரம். லாபத்தில் போல்டனுக்கு மூன்றில் இரண்டு, வாட்டுக்கு ஒன்று. இதுவரை ஆன செலவும் இனி நடக்கும் சோதனைகளின் செலவும் போல்டன் தலையில். அந்தச் செலவுக்கு வட்டி கிடையாது; தொழிலில் போடும் சரக்கு முதலுக்கு வட்டி உண்டு, அந்தச் சரக்கே அவருக்கு ஈடு. வரைபடம் வாட்டின் வேலை. கணக்கு போல்டனுடையது, வருடா வருடம் முடிக்க வேண்டும். மற்றவர் சம்மதமில்லாமல் பங்கைக் கைமாற்றக் கூடாது. ஒருவர் இறந்தால் மற்றவரே நிர்வகிப்பார். வாரிசுகள் கணக்கைப் பார்க்கலாம், தலையிட முடியாது. இன்றைய கூட்டாண்மைப் பத்திரத்தில் வக்கீல்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இதிலேயே இருக்கிறது. கிரெய்க், ரோபக் விஷயத்தில் பட்ட அடி வாட்டுக்கு மறந்திருக்காது.

வசூல் முறையும் புதுசு. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் சிலர் கொடுக்க முரண்டு பிடித்தார்கள். வழக்குகள் 1799 வரை இழுத்தன. போல்டன் பல வருஷம் கடனில் தவித்தார். ஆனாலும் கூட்டு உடையவில்லை.

1800-ல் கெடு முடிந்ததும் இருவரும் தொழிலை மகன்களிடம் விட்டு ஒதுங்கினார்கள். போல்டன் 1809-லும் வாட் 1819-லும் காலமானார்கள். இருவரும் அடக்கம் செய்யப்பட்டது ஒரே இடத்தில், ஹேண்ட்ஸ்வொர்த் புனித மேரி தேவாலயத்தில்.