ஒரே இரவில் மாறிய வாழ்க்கை!

குட்டி நண்பர்களே, வேலூர் என்றதும் கோட்டை ஞாபகத்துக்கு வரும். அடுத்து? சி.எம்.சி. மருத்துவமனை! அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் கதையைக் கேளுங்கள்.

ஐடா, 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா, அப்பா இருவருமே டாக்டர்கள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஐடாவுக்கு, இங்கே திரும்பி வரும் ஆசையே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால், 1890-ல் திண்டிவனம் வந்தார். சீக்கிரமே அமெரிக்கா போய்விடுவது என்பதுதான் திட்டம்.

ஒரு நாள் இரவு, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வலியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஐடா, தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் டாக்டர் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ அப்போது வைத்தியம் தெரியாது. விடிந்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அன்றே ஐடா முடிவெடுத்தார். அமெரிக்கா போனார், 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில், 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. பக்கத்துக் கிராமங்களுக்கும் போய், சாலையோரத்தில் நோயாளிகளைப் பார்த்தார் ஐடா.

ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் காப்பாற்ற முடியும்? நம் ஊர்ப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு பேராவது சேருவார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். வந்த விண்ணப்பங்களோ 151! 1922-ல் முதல் குழுவாக 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள்.

1938-ல் சோதனை வந்தது. இனி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு நடத்தினால்தான் கல்லூரி நிலைக்கும் என்று அரசு விதி போட்டது. அதற்குக் கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? எழுபது வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா போனார். ஊர் ஊராகச் சுற்றி உதவி கேட்டார். பல நாடுகளின் அமைப்புகள் கைகோத்தால்தான் கல்லூரி பிழைக்கும். அதற்கு ஆண்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்காகத் திரட்டிய பணத்தில் ஆண்களுமா என்று பழைய ஆதரவாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். கல்லூரியைக் காப்பாற்ற ஐடா சம்மதித்தார். 1947-ல் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பே, 1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் ஓர் இந்தியப் பெண்: டாக்டர் ஹில்டா லாசரஸ்!

1960-ல், 89-வது வயதில் கொடைக்கானலில் ஐடா காலமானார்.

இனி வேலூர்ப் பக்கம் போனால், திண்டிவனத்தில் உதவி கிடைக்காமல் போன அந்த மூன்று அம்மாக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காகத் தொடங்கியதுதான் இந்தப் பெரிய மருத்துவமனை!