தெர்மோஸ்டாட்டின் கதை: தீயை அடக்கத் தெரிந்தவர், பணத்தைச் சேர்க்கத் தெரியாதவர்... யார் இந்த கொர்னேலிஸ் டிரெபெல்?

லண்டனில் ஒரு ஜனவரி மாலை. ஆன்சைட் வேலைக்காகப் போயிருக்கிறீர்கள். ஆபீஸ் முடிந்து வந்தால் வீடு ஜில்லென்று கிடக்கிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை 20-லிருந்து நேராக 30-க்குத் திருப்புகிறீர்கள். சீக்கிரம் சூடாகும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனா, அப்படி நடக்காது. சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் இருக்கும் வீட்டில், 20 வைத்தாலும் 30 வைத்தாலும் பாய்லர் ஒரே வேகத்தில்தான் சூட்டைத் தரும். அந்தத் திருகு ஆக்சிலரேட்டர் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் எல்லைக்கோடு, அவ்வளவுதான். 30 வைத்துவிட்டு மறந்தால் வீடு 20-ஐத் தாண்டியும் சூடாகிக்கொண்டே போகும். கேஸ் பில்லும் கூடவே ஏறும்.

எல்லையை மனிதன் குறித்துவிட வேண்டும், தீயை இயந்திரமே கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த யோசனையை ஐரோப்பாவில் முதன்முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் அதே லண்டனில் வாழ்ந்த ஒரு டச்சுக்காரர். பெயர் கொர்னேலிஸ் டிரெபெல்.

செதுக்குக் கலைஞர் டு கண்டுபிடிப்பாளர்

1572-ல் நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் பிறந்தவர் டிரெபெல். பெரிய பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் இல்லை. ஹார்லெம் நகரில் அன்று புகழ்பெற்றிருந்த ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற செதுக்குக் கலைஞரிடம் வேலை பழகினார். செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கும் கலை அது. பிறகு குருவின் தங்கை சோபியாவையே 1595-ல் திருமணம் செய்துகொண்டார்.

செதுக்கு வேலையோடு ரசவாதமும் ஒட்டிக்கொண்டது. மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கிவிடலாம் என்று படித்தவர்களே நம்பிய காலம். கூடவே இயந்திரங்கள் மீதும் ஆர்வம். நீரேற்றும் சாதனம், தானாக ஓடும் கடிகாரம் ஆகியவற்றுக்கு 1598-ல் காப்புரிமை வாங்கினார். மிடில்பர்க் நகரில் ஒரு நீரூற்றும் அமைத்தார்.

ஆனா, குடும்பம் நடத்த இதெல்லாம் போதவில்லை. அன்று கண்டுபிடிப்பாளருக்கு ஸ்டார்ட்-அப்பும் கிடையாது, முதலீட்டாளரும் கிடையாது. அரசர் ஒருவரின் ஆதரவு இருந்தால்தான் பிழைப்பு. 1604 வாக்கில் டிரெபெல் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்.

அரசர்களை நம்பிய வாழ்க்கை

மன்னர் முதலாம் ஜேம்ஸின் அரசவை அவருக்குக் கதவைத் திறந்தது. எல்தம் அரண்மனையில் அவர் வைத்த ஒரு கருவியைப் பார்க்கப் பலரும் வந்தார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயில் இருந்த நீர் யாரும் தொடாமலே ஏறி இறங்கியது. முடிவில்லாமல் இயங்கும் இயந்திரம் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அதை இயக்கியது சுற்றியிருந்த காற்றின் வெப்பமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருந்ததுதான். சூடானால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அந்த அசைவை வைத்து வேலை வாங்கலாம் என்பது டிரெபெலுக்குப் பிடிபட்டிருந்தது.

புகழ் பிராக் வரை போனது. கலைப்பொருட்களும் ரசவாதிகளும் நிறைந்த அரசவையை வைத்திருந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1610-ல் அவரை அழைத்தார். வானியலாளர் கெப்ளரும் அப்போது அங்கேதான் இருந்தார். ஆனா, மறு வருஷமே ருடால்ஃபின் அதிகாரத்தை அவருடைய தம்பி மத்தியாஸ் பறித்துக்கொண்டார். ஆதரித்தவர் வீழ்ந்ததும் டிரெபெல் சிறைக்குப் போனார்.

விடுதலையாகி 1613-ல் லண்டன் திரும்பினால், அங்கே இன்னொரு அடி காத்திருந்தது. அவரை ஆதரித்த இளவரசர் ஹென்றி முந்தைய ஆண்டே 18 வயதில் இறந்துபோயிருந்தார். 40 வயதைத் தாண்டிய நிலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முட்டைப் பெட்டிக்குள் ஒரு புரட்சி

ரசவாதிகளுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. உலையில் ஒரே சூடு நாள்கணக்கில் நிற்க வேண்டும். கொஞ்சம் தூங்கிவிட்டால் தீ அணையும் அல்லது எகிறும். முட்டையை அடைகாக்கும் பெட்டிக்கும் இதே பிரச்னைதான். கோழிமுட்டை பொரிக்க 21 நாள், ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எகிப்தில் பல நூற்றாண்டுகளாகச் செயற்கையாக முட்டை பொரித்தார்கள். ஆனா, அங்கே ஆட்கள் கூடவே இருந்து, சூட்டைத் தொட்டுப் பார்த்து, தீயைக் கூட்டிக் குறைத்தார்கள்.

டிரெபெல் அந்த ஆளின் வேலையை ஒரு குழாயிடம் கொடுத்தார். எப்படி?

பெட்டியின் அடியில் தீ. முட்டை இருக்கும் உள்பெட்டியைச் சுற்றி நீர். அந்த நீருக்குள் ஆல்கஹால் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குடுவை. அதோடு இணைந்த வளைந்த குழாயில் பாதரசம். பாதரசத்தின் மேல் ஒரு தண்டு. தண்டின் மறுமுனை, மேலே புகை வெளியேறும் துளையின் மூடியோடு இணைக்கப்பட்டிருக்கும்.

சூடு ஏறினால் ஆல்கஹால் விரியும், பாதரசத்தைத் தள்ளும். தண்டு உயரும், மூடி துளையை அடைக்கும். காற்றோட்டம் குறைந்து தீ தணியும். சூடு இறங்கினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். மூடி திறக்கும், தீ மறுபடி எழும். எந்தச் சூட்டில் மூடி அடைய வேண்டும் என்பதை ஒரு திருகை வைத்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் திருகுக்கு இதைத் தாத்தா என்று சொல்லலாம்.

இதில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. அன்று டிகிரி என்ற கணக்கே நிலைபெறவில்லை. ஃபாரன்ஹீட் அளவுகோல் வந்தது 1724-ல், செல்சியஸ் அளவுகோல் 1742-ல். வெப்பத்துக்கு எண் கிடைப்பதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, அதைக் கட்டுப்படுத்த ஒரு வழி கிடைத்துவிட்டது.

தன் செயலின் விளைவைத் தானே கவனித்து, அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும் இந்த அமைப்பை இன்று ஃபீட்பேக் கன்ட்ரோல் என்கிறார்கள். ஏசி, ஃபிரிட்ஜ், கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான்.

நீருக்கடியில் ஒரு படகு, கடைசியில் ஒரு மதுக்கடை

1620 வாக்கில் டிரெபெல் தேம்ஸ் நதியில் நீருக்கடியில் செல்லும் படகை ஓட்டிக் காட்டினார். மரச்சட்டத்தின் மேல் கொழுப்பு பூசிய தோல், உள்ளே துடுப்பு போடும் ஆட்கள். உலகம் அறிந்த முதல் நீர்மூழ்கி என்று இன்று கொண்டாடப்படுவது இதுதான். ஆனா, கடற்படை அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நுண்ணோக்கி செய்தார். வெள்ளீயம் சேர்த்து, பளிச்சென்ற சிவப்புச் சாயத்துக்கு வழி கண்டார். அந்தச் சாயத்தால் பின்னாளில் பலனடைந்தவர்கள் அவருடைய மருமகன்களான குஃப்லர் சகோதரர்கள்.

1620-களின் கடைசியில், பிரான்ஸின் லா ரோஷெல் துறைமுகத்துக்குக் கிளம்பிய ஆங்கிலப் படைக்கு வெடிகருவிகள் செய்து கொடுத்தார். படையெடுப்பு தோற்றது. அதோடு அரசவை ஆதரவும் வற்றியது. சதுப்பு நிலங்களை வடிக்கும் திட்டத்தில் சேர்ந்து பார்த்தார். கடைசியில் லண்டனில் ஒரு மதுக்கடை நடத்திப் பிழைத்தார். 1633-ல், வறுமையிலேயே இறந்தார்.

ஏன் இப்படி ஆனது? டிரெபெல் தன் கருவிகளைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. ரகசியம் வெளியே போனால் பிழைப்பும் போய்விடும் என்ற காலம் அது. அந்த ரகசியமே கடைசியில் அவருக்கு எதிராகத் திரும்பியது. அடைகாக்கும் பெட்டியைப் பற்றிய விவரம்கூட, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு குஃப்லர் குடும்பத்தார் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் தேடிய தங்கம் கிடைக்கவில்லை. தங்கத்துக்காகத் தீயை அடக்கிய வித்தை மட்டும் பிழைத்துக்கொண்டது.

இன்றைய பாய்லரில் அவர் எங்கே இருக்கிறார்?

ஐரோப்பிய வீட்டில் ஒரு ரேடியேட்டரின் பக்கவாட்டில் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு குமிழைப் பார்க்கலாம். உள்ளே மெழுகோ திரவமோ அடைத்த சின்னக் குப்பி. அறை சூடானால் அது விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும், வெந்நீர் வரும் வால்வு அடைபடும். கரென்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். டிரெபெலின் ஆல்கஹால் குடுவை செய்த அதே வேலை.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. டைமர், எப்போது சூடு வேண்டும் என்று சொல்கிறது. சுவர் தெர்மோஸ்டாட், வீடு எவ்வளவு சூடாக வேண்டும் என்று சொல்கிறது. ரேடியேட்டர் குமிழ் அந்த ஓர் அறையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. பாய்லரில் இருக்கும் திருகு குழாயில் ஓடும் நீரின் சூட்டை முடிவு செய்கிறது. இன்றைய கண்டென்சிங் பாய்லர்களில் திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் போகும் வெப்பத்தையும் நன்றாக மீட்க முடியும். அதனால் கொதிக்கக் கொதிக்க வைப்பது லாபம் இல்லை.

நிலாவில் ஒரு பள்ளத்துக்கு டிரெபெலின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் கடை நடத்திய லண்டனிலோ, குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு அவர் யோசனை வேலை செய்கிறது. 20-ல் வைத்துவிட்டு நீங்கள் தூங்கலாம். விழித்திருந்து தீயைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் அந்தக் குழாயைச் செய்தார்.